கோ-ஆப் என்றால் சொசைட்டி கடை இல்லையாம்!

கனடாவில் இருக்கிற என் சித்தி மகள் போன வாரம் போனில் பேசினாள். எங்கள் வீட்டில் போன் வந்தால் அது எனக்கு மட்டும் வந்ததாக என்றைக்கு இருந்திருக்கிறது? ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மாமியார்.

"பெரியவன் எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டேன்.

"அவன் இப்போ கோ-ஆப்ல இருக்கான்க்கா. நாலு மாசம் கழிச்சுத்தான் திரும்பக் காலேஜ்" என்றாள்.

மாமியாருக்கு முகம் சுருங்கிப் போச்சு. போனை வைத்ததும், "ஏத்தா, அம்புட்டுச் செலவு பண்ணிக் கடல் தாண்டிப் போயும் அந்தப் பய சொசைட்டியிலதான் அரிசி அளக்குறானாக்கும்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நம் ஊரில் கோ-ஆப் என்றால் கூட்டுறவு சொசைட்டிதானே! பால் சொசைட்டி, ரேஷன் சொசைட்டி, நகைக்கடன் சொசைட்டி. அங்கே அது வேறாம். காலேஜில் நாலு மாதம் பாடம், அப்புறம் நாலு மாதம் ஒரு கம்பெனியில் சம்பளத்தோடு வேலை, மறுபடி பாடம். இப்படி மாறி மாறிப் படித்துப் பட்டம் வாங்குவதற்குத்தான் கோ-ஆப் என்று பெயர். அங்கே வாட்டர்லூ என்கிற ஊரில் உள்ள பல்கலைக்கழகம் 1957-ல் ஆரம்பித்ததே இந்த முறையில்தான். அதற்கும் முன்னால், 1906-ல், அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்கிற பேராசிரியர் 27 மாணவர்களை வைத்துத் தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, ஒரு வாரம் தொழிற்சாலை. நெருப்பில் போடாத இரும்பு வளையாது என்பது அந்த மனுஷருக்கும் தெரிந்திருக்கிறது.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், போன இதழில் எலுமிச்சை ஊறுகாயில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வழி எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று ஊறுகாயைப் பற்றியதே அல்ல. பத்தாவது முடித்த மகளைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க நினைக்கும் ஒரு தாய் எழுதியிருந்தார். "மூன்று வருஷப் படிப்பும் இருக்கிறது, நடுவில் தொழிற்சாலைக்கு அனுப்பும் மூன்றரை வருஷப் படிப்பும் இருக்கிறது. எதில் சேர்ப்பது? வெளியூரில் வேலைக்கு அனுப்பினால் படிப்பு கெட்டுவிடாதா? சம்பளம் என்று ஏதோ தருவார்களாமே, அதை நம்பலாமா?" என்று மூன்று கேள்வி கேட்டிருந்தார்.

சகோதரி, நீங்கள் கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்று கேள்வியையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நான் பல ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

இரும்படிக்கப் போன பிள்ளை

என் மகள் 2022-ல் பத்தாவது முடித்தாள். கணக்கில் நல்ல மார்க். "மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கிறேன்" என்றாள். குரங்கணியிலிருந்து போடி போக பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பிள்ளை, கோயம்புத்தூர்ப் பக்கம் ஹாஸ்டலில் தங்கி மெஷின் படிக்கப் போகிறேன் என்றால் வீடு எப்படி இருக்கும்? மாமியார், "பொம்பளைப் பிள்ளை இரும்படிக்கவா போகுது?" என்றார். என் மூத்தார் வந்து, "பி.காம். படிக்க வை, போடியிலேயே காலேஜ் இருக்கு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துரும்" என்றார். என் வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தால் பாதி சம்மதம் என்று எனக்குத் தெரியும்.

அவளுக்குக் கிடைத்தது சாண்ட்விச் படிப்பு. பெயரைக் கேட்டு நாங்கள் ஏதோ தின்பண்டம் என்று நினைத்தோம். ரொட்டிக்கு நடுவில் காய்கறி வைப்பதுபோல, பாடத்துக்கு நடுவில் தொழிற்சாலைப் பயிற்சியை வைப்பதால் அந்தப் பெயர். சாதாரண டிப்ளமோ மூன்று வருஷம். இது மூன்றரை வருஷம். ஆறு ஆறு மாதமாக இரண்டு தடவை தொழிற்சாலைக்குப் போக வேண்டும். நம் தமிழ்நாட்டில் இது புதிதும் அல்ல. கோவை பி.எஸ்.ஜி. பாலிடெக்னிக் போன்ற இடங்களில் வெகு காலமாக இருக்கிறது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ. படிப்பையே ஐந்து வருஷ சாண்ட்விச் முறையில் வைத்திருக்கிறார்கள். கனடாக்காரன் கோ-ஆப் என்று சொல்வதற்கு நம் ஊர்ப் பெயர் சாண்ட்விச், அவ்வளவுதான்.

முதல் பயிற்சி அவளுக்கு இரண்டாம் வருஷத்தில் வந்தது. எந்தக் கம்பெனி என்று நான் எழுதப் போவதில்லை. சின்ன இடம். முதல் நாள் புது ஷூ, தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டுப் போனவள் ராத்திரி போனில் பேசினாள்.

"என்னம்மா பண்ணுன?"

"பில் எழுதினேம்மா."

"மறுநாள்?"

"பில் எழுதினேம்மா. அப்புறம் பெட்டி எண்ணினேன்."

ஒரு மாதம் கழித்தும் அதே பதில்தான். மெஷின் பக்கம் போனால், "நீ பொம்பளைப் பிள்ளை, கை கிய் மாட்டிக்கிட்டா எங்களுக்குத் தொந்தரவு" என்று ஆபீஸுக்கு அனுப்பிவிடுவார்களாம். கூட வந்த பையன்களுக்கும் பெரிய கொடுப்பினை இல்லை, அவர்கள் லோடு ஏற்றினார்கள். பயிற்சிக் குறிப்பேட்டில் மட்டும் "லேத் இயக்கப் பயிற்சி" என்று முன்னால் போன மாணவர்களுடையதைப் பார்த்து எழுதச் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது என் பிள்ளை அழுதுவிட்டது. "வேலை செய்யாததைச் செஞ்சேன்னு எழுதச் சொல்றாங்கம்மா" என்றாள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். மாதம் 3,000 ரூபாய் கொடுத்தார்கள். அறை வாடகையும் சாப்பாடும் 5,500. பஸ் 600. ஆக மாதம் மூவாயிரத்துக்கு மேல் கையை விட்டுப் போனது. அந்த வருஷம் இலவங்காய் விற்ற பணம் பூராவும் அதற்கே சரியாய்ப் போச்சு. என் வீட்டுக்காரர் முதல் தடவையாக வாய் திறந்தார். "காசு குடுத்துப் பில் எழுதப் பழகணுமா? போடி கமிஷன் மண்டியில சும்மாவே பழகலாமே. கூட்டிட்டு வந்துரு" என்றார்.

நானும் ஒரு காலத்தில் பயிற்சி எடுத்தவள்தான்

அன்றைக்கு ராத்திரி எனக்கு என் சின்ன வயசு ஞாபகம் வந்தது. ஏழாவது, எட்டாவது படிக்கும்போது காலாண்டு லீவு, அரையாண்டு லீவு விட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏலக்காய் பொறுக்கப் போவோம். குவித்து வைத்த காயில் வெடித்தது, கறுத்தது, பிஞ்சு எல்லாம் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கிற காய் முதல் தரம். அதற்கு அடுத்தது ஏழு. இன்றைக்கும் காயைக் காதருகே வைத்து ஆட்டினால் காய்ந்தது எது, ஈரம் போகாதது எது என்று சொல்லிவிடுவேன். அந்தக் கூலியில்தான் நோட்டும் ஜாமெட்ரி பாக்ஸும் வாங்கினேன்.

ஆனால் அதைப் படிப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஏலக்காயை ஏன் நிழலான அறையில் சூடு வைத்துக் காய வைக்கிறார்கள், வெயிலில் போட்டால் ஏன் பச்சை போகிறது, போடி ஏலத்தில் விலை எப்படி ஏறுகிறது, இறங்குகிறது என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. கேட்டால், "கையை ஓட்டு, வாயை மூடு" என்பார்கள். பத்தாவதோடு என் படிப்பு நின்றது. என்னோடு பொறுக்கிய இரண்டு பேருக்கு எட்டாவதோடேயே நின்றது. லீவுக்குப் போன கை, லீவு முடிந்தும் திரும்பவில்லை.

அதனால்தான் "வேலையும் படிப்பும்" என்றாலே நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு பயம். அது அர்த்தமில்லாத பயம் இல்லை. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் செய்யும் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று சொல்லி நாடே எதிர்த்தது. 1954-ல் காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. எங்கள் தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம், "அவுக வீட்டுப் பிள்ளை படிக்கும், நம்ம வீட்டுப் பிள்ளை பழகுமாக்கும்" என்பார்.

ஏழை வீட்டுப் பெண்களைப் "பயிற்சி" என்ற பெயரில் ஏமாற்றியதும் வெகு தூரத்தில் நடந்ததல்ல. திண்டுக்கல், கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூல் மில்களில் மூன்று வருஷம் அப்ரண்டிஸாக இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாய்ப் பெயரும் வைத்து, பெண்களை வெளியே விடாமல் வேலை வாங்கினார்களே! 2011-ல் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு உலகமே பேசியது. அதுவும் பயிற்சி என்ற பெயரில்தான் நடந்தது.

ஆகவே சகோதரிகளே, பயிற்சி என்ற சொல்லைப் பார்த்து மயங்கவும் கூடாது, மிரளவும் கூடாது. அந்த ஆறு மாதத்தில் பிள்ளை கையில் என்ன வந்து சேர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நான் செய்தது

மகளைக் கூட்டி வரவில்லை. அவளிடம் இரண்டு காரியம் சொன்னேன். ஒன்று, செய்யாததைச் செய்ததாக எழுதாதே. செய்ததை அப்படியே, "இன்று 140 பில் எழுதினேன்" என்றே எழுது. இரண்டு, தினம் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, யாரிடமாவது கேட்டு அதன் பதிலை எழுது.

அவள் அப்படியே எழுதினாள். பயிற்சியைப் பார்வையிட வந்த காலேஜ் ஆசிரியர் குறிப்பேட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாய் பில் எழுதியதுதான் இருந்தது! அவருக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டதோ என்னவோ, பேசி, நாலு மாதம் கழிந்த பிறகு அவளை வேறு ஒரு இடத்துக்கு மாற்றினார். மீதி இரண்டு மாதத்தில்தான் வெர்னியர் காலிப்பர் பிடித்து அளக்கவும், வரைபடம் பார்த்துத் துளை போடவும் கற்றாள். ஆக ஆறு மாதத்தில் நாலு மாதம் வீண். மறைக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

கடைசி வருஷத்தில் வந்த இரண்டாவது பயிற்சி பம்ப் செய்யும் தொழிற்சாலையில். அது முற்றிலும் வேறு மாதிரி. முதல் வாரம் பாதுகாப்பு வகுப்பு. அப்புறம் ஒவ்வொரு பிரிவாக மாற்றி மாற்றி வைத்தார்கள். வயசான ஒரு ஃபோர்மேன், "அம்மாடி, மெஷின் சத்தத்தைக் காது குடுத்துக் கேளு. புத்தகத்துல எழுதியிருக்காது" என்று சொல்லித் தருவாராம். ஒரு நாள் பம்ப் சோதிக்கும் இடத்தில் சத்தத்தை வைத்தே பேரிங் சரியில்லை என்று இவள் சொல்லியிருக்கிறாள். பிரித்துப் பார்த்தால் அப்படியே! அன்றைக்கு அவள் குரலைக் கேட்க வேண்டுமே. காயை ஆட்டிப் பார்த்துச் சொல்கிற என் மகளாச்சே என்று நினைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்த காலேஜ் பிள்ளைகள்

இன்னொரு விதமும் இருக்கிறது. தொழிற்சாலைக்குப் பதில் கிராமமே பள்ளிக்கூடமாகிற படிப்பு. வேளாண்மை, தோட்டக்கலை படிக்கும் பிள்ளைகள் கடைசி வருஷத்தில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். நம் மாவட்டத்திலேயே பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருப்பதால், இந்தப் பக்கத்து வாசகிகள் பலர் இவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

என் கொழுந்தனாருக்கு மேலே கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. ஒரு வருஷம் மழைக்கு முன்னால் அப்படிப் பெண்பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். ஏலத்தில் மழைக்காலத்தில் அழுகல் நோய் வரும், அதற்கு ஒரு சதவீத போர்டோ கலவை தெளிப்பார்கள். நூறு லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் கலக்க உட்கார்ந்ததும் ஒருத்தி இரும்பு வாளியை எடுத்துவிட்டாள். என் ஓரகத்தி, "ஐயையோ, அதுல வேணாம்டி, பிளாஸ்டிக் டிரம்ல கலக்கு, வாளி வீணாப் போகும்" என்று பிடுங்கினாள். அப்புறம் இன்னொருத்தி, "அக்கா, அரிவாள் குடுங்க" என்று வாங்கிக் கலவைக்குள் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தாள். அரிவாள் நுனியில் செம்பு நிறம் படிந்தது. "இப்படிப் படிஞ்சா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம். இதை அப்படியே அடிச்சா செடி கருகிரும்" என்று இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு மறுபடி முக்கிக் காட்டினாள். இப்போது படியவில்லை. எத்தனையோ வருஷமாய்க் கலவை அடிக்கிற என் ஓரகத்தி வாயைப் பிளந்தாள். "அதான் போன வருஷம் ஓரமெல்லாம் கருகுச்சா!" என்றாள்.

இரும்பு வாளியில் கலக்கக் கூடாது என்று அவள் சொன்னதும், அரிவாளை முக்கிப் பார் என்று இவர்கள் சொன்னதும் ஒரே பாடத்தின் இரண்டு பாதி. நல்ல பயிற்சி என்றால் இப்படி இருக்க வேண்டும். வந்தவளும் கற்றாள், இருந்தவளும் கற்றாள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. அந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தம் போட்டு எடுத்தால் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். 2019-ல் திருத்திய விதிகளில் குறைந்தபட்சத் தொகை மாதம் பட்டதாரிக்கு 9,000, டிப்ளமோ முடித்தவருக்கு 8,000, டிப்ளமோ காலேஜில் சாண்ட்விச் படிப்பவருக்கு 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். நீங்கள் சேர்க்கும்போது தொகை என்ன என்று காலேஜில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒப்பந்தம் இல்லாமல் சும்மா "இன்டர்ன்ஷிப்" என்று அனுப்பினால் கம்பெனி கொடுப்பதுதான் கணக்கு. என் மகளுக்கு முதல் தடவை 3,000 கிடைத்தது அப்படித்தான். கேட்கத் தெரியாமல் விட்டோம்.

அப்ரண்டிஸ் பிள்ளைக்கு வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. அதுவும் சட்டத்தில் இருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு முக்கியமானது: வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ல் வந்த சட்டம் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும், அப்ரண்டிஸ்களுக்கும் சேர்த்துத்தான். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். "நான் வெறும் ட்ரெய்னிதானே" என்று பிள்ளை வாயை மூடிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் என்று 2024-ல் அறிவித்தார்களே, 21 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு வருஷம், மாதம் 5,000 என்று, அறிவித்தபோது அது முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். காலேஜில் படிக்கிறவர்களுக்குத் திறன் வகுப்புகள் நம் தமிழ்நாட்டு அரசின் "நான் முதல்வன்" திட்டத்தில் 2022 முதல் நடக்கின்றன. பிள்ளையின் காலேஜில் எது இருக்கிறது என்று விசாரியுங்கள்.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்

முதல் தடவை நான் ஏமாந்தது கேட்காததால்தான். நீங்களாவது இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். காலேஜில் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

1. பயிற்சி இடத்தைக் காலேஜே ஏற்பாடு செய்யுமா, பிள்ளையே தேட வேண்டுமா? போன வருஷம் எந்தெந்த இடத்துக்கு அனுப்பினார்கள்?

2. ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? உதவித்தொகை பிள்ளையின் பாங்க் கணக்குக்கே வருமா?

3. அங்கே சொல்லித் தருவதற்கு என்று ஒரு ஆள் உண்டா? பிரிவு பிரிவாக மாற்றுவார்களா, ஒரே இடத்தில் போட்டு வைப்பார்களா?

4. காலேஜ் ஆசிரியர் எத்தனை தடவை நேரில் வந்து பார்ப்பார்? மார்க் எதற்குக் கொடுப்பார்?

5. ஷிப்ட் உண்டா? ராத்திரி வேலை உண்டா? தங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம்?

6. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, உடை மாற்ற இடம் இருக்கிறதா?

7. பயிற்சி தருகிறோம், சர்டிபிகேட் தருகிறோம் என்று உங்களிடம் பணம் கேட்கிறார்களா? கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

முன்னால் போய் வந்த மூத்த மாணவி ஒருத்தியிடம் பத்து நிமிஷம் பேசிவிடுங்கள். விளம்பரத் தாளில் இல்லாதது அவள் வாயில் வரும்.

உடம்பும் முக்கியம்

நம் பத்திரிகையில் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கலாமா? பயிற்சிக்குப் போகும் பிள்ளை எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். வகுப்பில் உட்கார்ந்தே பழகிய கால் முதல் மாதம் வீங்கும். ராத்திரி படுக்கும்போது காலுக்குத் தலையணை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஷூ அளவு சரியாக இருக்கட்டும். அண்ணன் ஷூவில் பஞ்சு வைத்து அனுப்புகிற சிக்கனம் வேண்டாம்.

கழிப்பறை சரியில்லை என்று பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். என் மகளும் அப்படித்தான் இருந்து சிறுநீர்த் தாரையில் கிருமி வந்து, காய்ச்சலோடு டாக்டரிடம் போனாள். ஆறாவது கேள்வியை நான் எழுதியிருக்கிற காரணம் அதுதான். நீர்க்கடுப்போ காய்ச்சலோ வந்தால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் டாக்டரைப் பார்க்கட்டும்.

மெஷின் அருகே துப்பட்டா, தொங்கும் பின்னல், வளையல், கழுத்துச் செயின் எதுவும் ஆகாது. கொண்டை போட்டுத் துணி கட்ட வேண்டும். இதைச் சொல்லும்போது பிள்ளை, "தெரியும்மா" என்று சலித்துக்கொள்ளும். சலித்துக்கொண்டால் பரவாயில்லை, சொல்லுங்கள்.

மெஸ் சாப்பாட்டில் கீரை காண்பது அபூர்வம். நான் முருங்கைக்கீரைப் பொடி கொடுத்து அனுப்புவேன். நிழலில் காய்ந்த முருங்கை இலை நாலு கைப்பிடி. உளுந்து ஒரு ஆழாக்கு, வற்றல் மிளகாய் எட்டு, சீரகம் ஒரு ஸ்பூன் தனித்தனியாக வறுத்து, தோலோடு பூண்டு பத்துப் பல்லும் சின்னக் கோலிக்குண்டு அளவு புளியும் வதக்கி ஈரம் போனதும், உப்பு சேர்த்து எல்லாவற்றையும் பொடித்துக்கொள்ளுங்கள். சூடு சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடலாம். கூடவே வேர்க்கடலை, வெல்லம், ஒரு நெல்லிக்காய். சாப்பிட்ட கையோடு டீ குடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை அது குறைத்துவிடும்.

சரி, லாபமா நஷ்டமா?

என் மகளின் மூன்றரை வருஷம் முடிந்துவிட்டது. அந்தப் பம்ப் கம்பெனியிலேயே ட்ரெய்னியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நிரந்தர வேலை இல்லை. பெரிய சம்பளமும் இல்லை. ஒரு வருஷம் சேர்த்து வைத்து, டிப்ளமோ படித்தவர்களுக்கு உள்ள வழியில் நேராகப் பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரப் போகிறேன் என்கிறாள். கூடப் படித்தவர்களில் மூன்று வருஷப் படிப்பில் சேர்ந்தவர்கள் இவளுக்கு ஆறு மாதம் முன்னாலேயே முடித்துவிட்டார்கள். அதில் சிலர் பி.இ.யில் சேர்ந்தும்விட்டார்கள். ஆறு மாதம் பின்தங்கியது நஷ்டம் என்றால் நஷ்டம்தான். இலவங்காய்ப் பணமும் போனது போனதுதான்.

ஆனால் ஒன்று பார்த்தேன். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடாமல் போச்சு. என் வீட்டுக்காரர் போடிக்கு ஆள் கூப்பிடக் கிளம்பினார். "இருங்கப்பா" என்று இவள் உட்கார்ந்து கழற்றினாள். மாமியார் திண்ணையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். அரை மணியில் தண்ணீர் கொட்டியது. மாமியார் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரி வந்தபோது, "எங்க பேத்தி இரும்படிக்கிற படிப்பு படிச்சிருக்கா, தெரியுமா?" என்று அவரே ஆரம்பித்துவிட்டார்!

என் படிப்பு பத்தாவதோடு நின்றது வேலை செய்ததால் அல்ல. அந்த வேலைக்கும் என் படிப்புக்கும் யாரும் ஒரு பாலம் போடாததால். பாலம் போட ஒரு ஆசிரியரும், கையைப் பிடித்துச் சொல்லித் தர ஒரு ஃபோர்மேனும், நியாயமான உதவித்தொகையும், பத்திரமான இடமும் இருந்தால், கடிதம் எழுதிய சகோதரி, தைரியமாகச் சேருங்கள். படிப்பு கெடாது, கூடும். இதில் ஒன்று குறைந்தாலும் கேள்வி கேளுங்கள். இரண்டு குறைந்தால் மூன்று வருஷப் படிப்பே போதும், லீவில் நல்ல இடமாகப் பார்த்து ஒரு மாதம் பழகட்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படிப் பயிற்சிக்குப் போயிருந்தால் அந்த அனுபவத்தை எனக்கு எழுதுங்கள். நல்லதையும் எழுதுங்கள், பில் எழுதிய கதையையும் எழுதுங்கள்.

அடுத்த இதழில் மழைக்கால இருமலும் நம் வீட்டுச் சுக்கு, மிளகு, ஏலக்காயும். அதுவரை வரட்டுமா?